மேனேஜரை வெளியேற்றும் சதி

பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வருகிறவனை எப்படிப் பிடிப்பது என்று கேட்டால், முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்பார் பரிசோதகர். முகம் பொய் சொல்லிப் பழகியது. காலுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. டிக்கெட் எடுத்தவன் கால் வைத்த இடத்தில் கிடக்கும். எடுக்காதவன் கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, எப்போது இறங்கலாம் என்று தவித்துக்கொண்டிருக்கும். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு இருபத்தொன்பது வருஷம், ஏதாவது ஒரு நிறுத்தத்தில் திடீரென்று ஏறி, பஸ்ஸின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கால்களைப் பார்த்தே பிழைத்தவர் அவர்.

உத்தியோகத்தை டெப்போவிலேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. மனிதர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தார். பால் போடுகிறவர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார்; சிரிக்காவிட்டால் நிறையக் கலந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வலிய வந்து வணக்கம் சொன்னால் ஏணி கேட்கப் போகிறார். மனைவி பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் ஏன் என்று ஒரு கேள்வி, எந்த வழியாக என்று இன்னொரு கேள்வி, அந்த வழியில் கூட்டமா என்று மூன்றாவது. அவள் மேல் தப்பான எண்ணம் எதுவும் அவருக்குக் கிடையாது. கேட்டுப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவள் சில வருஷமாகப் பேச்சையே சுருக்கிக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

அந்த வீட்டில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரே ஜீவன் மேனேஜர்தான்.

மேனேஜர் ஒரு நாய். எடை நாலரைக் கிலோ, அதில் பாதி முடியாகத்தான் இருக்கும். முதுகின் நடுவே வகிடு எடுத்தது போல வெள்ளை முடி இரண்டு பக்கமும் தரைவரை தொங்கும். கால் வெளியே தெரியாது. "கால் தெரியலைல்ல, அதான் அவர் மேல மட்டும் உங்களுக்குச் சந்தேகமே வரல" என்று மனைவி ஒருமுறை சொன்னாள். அவள் அவரிடம் கடைசியாகச் செய்த கேலி அதுவாகத்தான் இருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன் மகள் அதை ஒரு மூடி போட்ட கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். கூடையைத் திறந்ததும் நேராகப் போய் வீட்டிலேயே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தது. ஒரு வேலையும் செய்யாமல் மற்றவர் வேலை செய்வதை மட்டும் பார்ப்பதால் மேனேஜர் என்று பெயர் வைத்தாள் மகள். மேனேஜரை அது இது என்று சொல்லலாமா? மரியாதையாக அவர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டாள். விளையாட்டாக ஆரம்பித்தது வீட்டுப் பழக்கமாகிவிட்டது. அவர் சாப்பிட்டாரா, அவருக்கு வயிறு சரியில்லை, அவர் மழையில் நனைந்துவிட்டார் என்று பேசுவதைக் கேட்கும் விருந்தாளிகள், உள்ளே யாரோ முடியாத பெரியவர் படுத்திருக்கிறார் என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். மகள் கல்யாணமாகித் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். மேனேஜரும் அந்த மரியாதையும் இங்கேயே தங்கிவிட்டன.

மகள் போன பிறகு மேனேஜரின் முடியைப் பராமரிக்கும் பொறுப்பைப் பரிசோதகர் எடுத்துக்கொண்டார். லேசுப்பட்ட வேலை இல்லை அது. மாலை ஐந்து மணிக்கு டெப்போவிலிருந்து வந்ததும் இஸ்திரி மேஜை மேல் துண்டு விரித்து மேனேஜரை ஏற்றுவார். உலர்ந்த முடியைச் சீவினால் அறுந்துபோகும் என்பதால் முதலில் தண்ணீர் தெளிப்பு. அப்புறம் விரலால் சிக்கை உதிர்ப்பது, அகலப் பல் சீப்பு, கடைசியில் நெருக்கப் பல் சீப்பு. காதுக்குப் பின்னால், முன்னங்கால் இடுக்கில், கழுத்துப் பட்டை உரசும் இடத்தில் என்று சிக்கு ஒளிந்துகொள்ளும் இடம் மூன்று. மூன்றும் அவருக்கு அத்துப்படி. வெந்நீரில் நனைத்த பஞ்சால் கண்ணோரத்துப் பீளையைத் துடைப்பார், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பாதத்து அடியில் விரல் நடுவே வளரும் முடியை நுனி மழுங்கிய கத்தரியால் வெட்டுவார், விட்டால் தரையில் வழுக்கும். கண்ணை மறைக்கும் முடியைத் தூக்கிச் சின்ன ரப்பர் பேண்டில் குடுமி போடுவார். இறுக்கிப் போட்டால் மேனேஜருக்குப் புருவம் ஏறிக்கொண்டு, யாரோ ராஜினாமாக் கடிதம் கொடுத்ததைப் பார்ப்பது போல ஆகிவிடும்.

இத்தனைக்கும் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் பரிசோதகர் பேசிக்கொண்டே இருப்பார். இன்றைக்கு யார் மாட்டினான், என்ன சாக்குச் சொன்னான், மேலதிகாரி என்ன முறைத்தார், எல்லாம் மேனேஜரிடம் ஒப்பிப்பார். சீவி முடித்ததும் பேச்சும் முடிந்துவிடும். அப்புறம் அவர் டி.வி. பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பிரேமுக்குத் தக்கபடி லென்ஸை அரைத்துப் பொருத்திக் கொடுப்பாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் போடுகிறவருக்குத் தலை சுற்றும், அப்படிப்பட்ட வேலை. பகல் ஒரு மணிக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவாள். வியாழக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பாள்.

அப்படி ஒரு வியாழக்கிழமை, பரிசோதகர்கள் போகும் ஜீப் நடுவழியில் படுத்துவிட்டது. மூன்றரை மணிக்கே வீடு திரும்பிவிட்டார். கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே மனைவி தன் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். பூனை மாதிரி உள்ளே வருவது பரிசோதகருக்குத் தொழில். செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார்.

"முடியலக்கா. எத்தனை வருஷம்தான் நானும் பாக்கறது. இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சாத்தான் என்ன? நேரத்துக்குச் சாப்பாடு வந்தாப் போதும், சாப்பிட்டுட்டு அவர் பாட்டுக்கு ஒரு மூலையில உக்காந்துப்பார். ரெண்டு நாள் தேடுவார். அப்புறம் பழகிடுவார்."

பரிசோதகர் சட்டென்று உள்ளே எட்டிப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியில் படுத்து, தன்னைப் பற்றி என்ன பேச்சு நடக்கிறது என்று தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ரெண்டு நாள் தேடுவாராம். அப்புறம் பழகிவிடுவாராம். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்!

அவரைப் பார்த்ததும் அவள் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்தாள். யார் என்று கேட்டார். அக்கா என்றாள். என்ன விஷயம் என்று கேட்டார். "சும்மா" என்றாள்.

சும்மா! இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒருவனிடமும் டிக்கெட் இருந்ததில்லை. எங்கே போகிறாய், சும்மா. ஏன் எழுந்து நிற்கிறாய், சும்மா. அன்று மாலை மேனேஜருக்குச் சீவும்போது பரிசோதகர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுக்களைப் பக்கம் ஒரு கண்ணும் சீப்பில் ஒரு கண்ணுமாக இருந்தார். மேனேஜருக்குக் குடுமி கோணலாக அமைந்தது.

மறுநாள் காலையிலேயே முதல் தடயம் கிடைத்தது. எட்டு வருஷமாகப் பரண் மேல் கிடந்த மேனேஜரின் கூடை கீழே இருந்தது. தூசி துடைத்து, கதவோரமாக வைக்கப்பட்டிருந்தது. இது ஏன் இறங்கியது என்று கேட்டார். பரணை ஒழித்தேன் என்றாள். பரணை ஒழித்தவள் கூடையை மட்டும் ஏன் துடைத்து வைக்க வேண்டும்? கேட்கவில்லை. அதிகம் கேட்டால் ஆசாமி உஷாராகிவிடுவான் என்பது தொழில் பாடம். அடுத்து அலமாரியின் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். எப்போதும் அடியில் கிடக்கும் மேனேஜரின் தடுப்பூசிப் புத்தகம் மேலாக வந்திருந்தது. புது இடத்துக்கு அனுப்புகிறவர்கள் முதலில் தேடுவது அதைத்தானே?

டூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில் அவளாகவே வாயைத் திறந்தாள். அது இன்னும் மோசம்.

"தினம் பதினோரு மணிக்கு மேனேஜருக்குக் கண்ணுல சொட்டு மருந்து விடறேன், தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்று அவர் சொல்லவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். எட்டு மாதமாக என்றாள். இடது கண்ணுக்கு எத்தனை, வலது கண்ணுக்கு எத்தனை என்று எழுதி வைக்கட்டுமா என்று கேட்டாள். பரிசோதகருக்குப் புரிந்துவிட்டது. இந்த நாயை வைத்துக்கொண்டு எவ்வளவு கஷ்டப்படுகிறேன் பார் என்று கணக்கு ஒப்பிக்கிறாள். நாளைக்கு, அதனால்தான் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வசதியாக இருக்குமே! எழுத வேண்டாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்ததையும் மென்று விழுங்கியதையும் பார்த்தார். பார்த்து, அதையும் தடயத்தில் சேர்த்துக்கொண்டார்.

அன்று முழுக்க ஒருவனையும் பிடிக்கவில்லை. காலைப் பார்க்கிறார், கால் தெரியவில்லை. மேனேஜர் இல்லாத வீடுதான் கண்ணுக்குள் வந்தது. ஐந்து மணிக்குக் கதவைத் திறக்கிறார், யாரும் ஓடி வரவில்லை. இஸ்திரி மேஜையில் துண்டு இல்லை. யாரோடு பேசுவது? அந்த வீட்டில் தாம் பேசக்கூடிய ஆள் வேறு யார் என்று யோசித்துப் பார்த்தார். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இரவு அவள் கடையிலிருந்து வந்து முகம் கழுவப் போன நேரத்தில், மேஜை மேல் இருந்த அவளுடைய கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். நாலாக மடித்த ஒரு சீட்டு. வேறு யாருடைய கையெழுத்தோ. ஒரு விலாசம். கீழே, 'சனி நாலு மணி. மாடி. பால்கனியில் தண்ணீர்க் குழாய் உண்டு. அமைதியான தெரு. நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.'

மேனேஜரை ஒப்படைக்க ஆள் கூடப் பார்த்தாகிவிட்டது! பரிசோதகர் சீட்டை இருந்தபடியே மடித்து வைத்தார். சண்டை போட்டிருக்கலாம். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் குற்றம் சாட்டுவது அவர் தொழிலுக்கு அழகில்லை.

சனிக்கிழமை அவருக்கு அரை நாள். மூன்று மணிக்கு மனைவி புடவை மாற்றிக்கொண்டு, கடையில் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஒரு வேலையாக வெளியே போகிறேன் என்றாள். எங்கே, எந்த வழி என்று கேட்பார் என எதிர்பார்த்தவள் போல ஒரு கணம் நின்றாள். அவர் வேண்டுமென்றே கேட்கவில்லை. அவள் முகம் எப்படியோ ஆனது. குட்டு உடையவில்லை என்ற நிம்மதி என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அவள் தெருமுனை திரும்பியதும் மேனேஜரைக் கூடைக்குள் வைத்து மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். தனியாக விட்டுப் போக மனமில்லை. தாம் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் யாராவது வந்து தூக்கிக்கொண்டு போனால்?

அவள் பஸ்ஸின் முன்வாசலில் ஏறினாள். அவர் பின்வாசலில் ஏறிக் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தார். ஆனால் கண்டக்டருக்கு அவரைத் தெரியாமல் இருக்குமா? "வணக்கம் சார், இன்னிக்கும் ட்யூட்டியா?" என்றார் கண்டக்டர். அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கைகள் சட்டைப் பைக்குப் போயின. இரண்டு பேர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மறைந்தார்கள். மனைவி மட்டும் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள். பரிசோதகர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். ஏதோ பெரிய வேட்டை என்று நினைத்துக் கண்டக்டரும் கண்ணடித்தார். பிறகு கூடையைக் காட்டி, என்ன சார் இது என்று மெதுவாகக் கேட்டார்.

"காய்கறி" என்றார் பரிசோதகர்.

காய்கறி தும்மியது. கண்டக்டர் நல்ல மனிதர், காதில் விழாதது போல முன்னால் போய்விட்டார். பஸ்ஸில் நாய் கொண்டுபோனால் அதற்குத் தனி டிக்கெட். எடுக்காதவர்களை அவரே எத்தனையோ முறை இறக்கிவிட்டிருக்கிறார். குனிந்து பார்த்தார். அவருடைய கால் இரண்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. வெட்கமாக இருந்தது. எல்லாம் இவளால் வந்தது என்று கோபமும் வந்தது.

அவள் இறங்கிய இடத்துக்கு அடுத்த வளைவில் இறங்கித் திரும்பி நடந்தார். தெரு குறுகல், நிஜமாகவே அமைதி. சைக்கிள் பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில், தொங்கவிட்டிருந்த டயர்களுக்குப் பின்னால் நின்றார். எதிர் வீட்டு மாடிக்கு வெளிப்பக்கமாகப் படி. சாவிக்கொத்தோடு ஒரு அம்மாள் முன்னால் ஏற, மனைவி பின்னால் ஏறினாள். கதவு திறந்தது. ஒரே அறை. அதற்கு முன்னால் கம்பி போட்ட சின்ன பால்கனி.

கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். காற்று வருகிறதா என்று பார்க்கிறாள், முடி உள்ள நாய்க்குப் புழுக்கம் ஆகாது. பால்கனியில் இருந்த குழாயைத் திருகி, விழுகிற தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். குளிப்பாட்டத் தண்ணீர் வேகமாக வருகிறதா என்று பார்க்கிறாள். அந்த மட்டும் மனசாட்சி இருக்கிறது. சாவிக்கார அம்மாள் கீழே இறங்கிப் போனாள். மனைவி தனியாக நின்றாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, பால்கனித் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். தரை வழுக்குமா என்று பார்க்கிறாளோ என்னவோ.

அப்போது அவள் சிரித்தாள். எதிரே யாரும் இல்லை, தனக்குத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் எங்கோ பார்த்திருக்கிறார், எங்கே எப்போது என்று ஞாபகம் வரவில்லை. ஒரு ஜீவனை வீட்டை விட்டு அனுப்புகிறவளுக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று பொங்கிக்கொண்டு வந்தது. கூடைக்குள் மேனேஜருக்கு அவள் வாசனை எட்டியிருக்க வேண்டும். முனக ஆரம்பித்தது. கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாகத் திரும்பி நடந்தார்.

அவள் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது இஸ்திரி மேஜை மேல் கூடையும் தடுப்பூசிப் புத்தகமும் வரிசையாக இருந்தன. மேனேஜர் அவர் மடியில் இருந்தது. அவளைப் பார்த்ததும் குதிக்கப் பார்த்தது, அவர் விடவில்லை.

"மேனேஜரை எங்கயும் அனுப்ப நான் விடமாட்டேன்" என்றார்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கூடை ஏன் இறங்கியது? பெட்டி கூடைக்குப் பின்னால் இருந்தது, கூடையை இறக்காமல் பெட்டியை எடுக்க முடியாது, இறக்கியது அழுக்காக இருந்தது, துடைத்தேன் என்றாள். எந்தப் பெட்டி என்று கேட்டார். கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். இரண்டு ராத்திரியாக அவர் அந்தக் கட்டிலில்தான் படுத்திருந்தார். சரி, தடுப்பூசிப் புத்தகம்? அதே இழுப்பறையில் தன்னுடைய சான்றிதழ்களும் இருக்கின்றன, அவற்றை எடுத்தபோது மேலே வந்திருக்கும் என்றாள். அவள் குரலில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"நானே என் காதால கேட்டேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் தேடுவார், அப்புறம் பழகிடுவார்னு உங்க அக்காகிட்ட நீ சொல்லல?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேனேஜரின் நாற்காலியில்.

"அது மேனேஜர் இல்லைங்க. உங்களைச் சொன்னேன்."

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவர் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அக்காவிடம், மகளிடம், கடையில் எல்லாம் அவர், அவர்தான். மேனேஜருக்கு அந்த வார்த்தை கிடைத்து எட்டு வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இருந்தே அது தமக்கு உரியது என்பது பரிசோதகருக்கு மறந்தே போயிருந்தது. நேரத்துக்குச் சாப்பாடு வந்தால் போதும், சாப்பிட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வார். வியாழக்கிழமை கேட்டதை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஒரு எழுத்து மாறாமல் பொருந்தியது.

ஒரு ரூம் பார்த்திருப்பதாக அவள் சொன்னாள். அது தனக்கு. வெள்ளையடித்துக் கொடுக்க இன்னும் பத்து நாள் ஆகும், அதுவரை அக்கா வீடு. சண்டை இல்லை, யார் மேலும் கோபம் இல்லை. இந்த வீட்டில் கேள்வி கேட்டாலும் பதிலை யாரும் கேட்பதில்லை, வாய் இருந்தும் பேசாமல் இருக்க இனி முடியாது, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கடையில் லென்ஸ் நம்பர் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

பரிசோதகர் மடியில் இருந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய் தானாகத் திறந்தது.

"அப்போ மேனேஜர் இங்கதான் இருப்பாரா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் கோபம் வரும் என்று நினைத்தார், வரவில்லை.

"இருப்பார்" என்றாள். "நான் இன்னும் சாவி வாங்கல. போய்ச் சொல்லிப் பாக்கறேன், ஏன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டாப் போதும், இருந்துடலாம்னு நினைச்சுட்டேதான் பஸ்ல வந்தேன். நீங்க கேட்டுட்டீங்க. ஆனா வேற எதையோ கேட்டீங்க."

பிறகு எழுந்து, எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அவர் பேனாவை எடுத்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பதினோரு மணிக்கு இடது கண்ணில் ஒரு சொட்டு, வலது கண்ணில் இரண்டு. கிண்ணத்துத் தண்ணீரில் முடி மிதந்தால் மேனேஜர் குடிக்காது, மூன்று தரம் மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டில் துளை போடுகிற சத்தம் கேட்டால் பீரோவுக்குப் பின்னால் போய்விடும், இழுக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்து கூப்பிட வேண்டும். கறியை உப்பில்லாமல் வேகவைத்து நாரைப் பிரித்துப் போட வேண்டும், பல் இரண்டு ஆடுகிறது. போன மாதம் ஒரு நாள் மூச்சுத் திணறியது, மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள், பரிசோதகரிடம் சொல்லவில்லை, சொன்னால் முதல் கேள்வி எந்த வழியாகப் போனாய் என்பதாக இருக்கும். அந்த மருத்துவரின் போன் நம்பரையும் சொன்னாள்.

அவர் எழுதினார். எல்லாமே அவர் வீட்டில் இல்லாத நேரத்து வேலைகள். மேனேஜரைத் தாம் வளர்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். முடியைச் சீவியது மட்டும்தான் அவர். பாதியில் கை நின்றது. ஏன் என்று கேட்கலாம். இப்போது கேட்டால் என்ன? ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் கேள்வி கேட்கிற மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை தொண்டையை விட்டு வரவில்லை. போகாதே என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது. மேனேஜருக்காகப் பட்ட பயத்தைவிடப் பெரிய பயம், இத்தனை நேரம் கழித்து.

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அது கனமாக இல்லை. கதவருகே வந்ததும் மேனேஜர் அவர் கையிலிருந்து திமிறிக் கீழே இறங்கி, அவள் புடவைக் கொசுவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் குனிந்து அதன் காதுக்குப் பின்னால் விரலை விட்டு, சிக்கு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை.

ஏதாவது சொல்லியாக வேண்டும். பரிசோதகர் சொன்னார்.

"அந்த ரூம்ல தண்ணி நல்லா வருதில்ல?"

அவள் நிமிர்ந்தாள். குழாயில் கையை நீட்டிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தத் தெருவும், ஆளில்லாத பால்கனியும்.

"பின்னாடியே வந்தீங்களா?"

"வந்தேன்."

"நான் அங்க காலை நீட்டி உக்காந்ததையும் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று தலையாட்டினார்.

"அவ்வளவு தூரம் வந்து, அவ்வளவு நேரம் பாத்தீங்க. அந்த ரூம் எனக்காக இருக்கும்னு ஒரு நிமிஷம்கூடத் தோணலையா?"

தோன்றியது என்று ஒரு பொய் சொன்னால் அவள் பெட்டியைக் கீழே வைத்திருப்பாளோ என்னவோ. ஆனால் பொய் சொல்கிறவர்களைப் பிடிக்கத்தான் அவருக்குத் தெரியும், சொல்லத் தெரியாது.

"தோணல" என்றார்.

அவள் சரி என்பது போலத் தலையை அசைத்தாள். மேனேஜரைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு படியிறங்கினாள்.